எட்டு வாட்ஸ் வீடு

“அந்தப் பீரோவக் கொஞ்சம் நகத்துங்க சார், பொட்டி உள்ள வரட்டும்” என்றான், ஐஸ் பெட்டியின் முன்பக்கத்தைத் தாங்கி நின்றவன்.

“அது பீரோ இல்ல, ஸ்பீக்கர்” என்றான் சரத்குமார்.

பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் கழுத்தை வளைத்துப் பார்த்தார்கள். தெற்குச் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு இரண்டு நின்றன. அதில் ஒன்று வாசலுக்குப் பக்கத்தில், உள்ளே வருகிறவனை ‘யாரு, என்னா வேணும்’ என்று விசாரிக்கிற தோரணையில் இருந்தது.

“ஸ்பீக்கர்னா நகராதா சார்?”

“நகராது.”

நகராததற்குக் காரணம் எடை அல்ல. தரையில் அதன் நான்கு மூலைக்கும் வெள்ளைப் பெயிண்டில் குறி போட்டிருந்தது. அந்தக் குறியை விட்டு ஒரு விரற்கடை தள்ளினாலும், பாடுகிறவர் நடுக்கூடத்திலிருந்து எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுவார் என்று சொல்லியிருந்தார் அவன் அப்பா தெய்வசிகாமணி. சொன்னவர் வேட்டி போர்த்திய உடம்பாக உள்ளறைக் கட்டிலில் கிடந்தார். பெட்டி அவருக்குத்தான்.

கடைசியில் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, குப்புறத் தள்ளி, ஒருவன் கைவிரலை நசுக்கிக்கொண்டு, குழந்தையைப் பிரசவத்தில் திருப்புகிற மாதிரி திருப்பி உள்ளே கொண்டுவந்தார்கள். சமையற்கட்டு வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்து நின்றாள் மருமகள் சிவசங்கரி. செத்த பிறகும் அந்த ஸ்பீக்கர் நகரவில்லை என்பதை அவள் மனசுக்குள் ஓர் ஓரத்தில் எடுத்து வைத்தாள்.

“தலை தெக்கால இருக்கணும்” என்றாள் விருத்தாம்பாள். செத்தவரின் அக்கா, பொம்மையார்பாளையத்திலிருந்து விடிவதற்குள் பஸ் பிடித்து வந்து, வந்ததிலிருந்து ஒப்பாரியும் நிர்வாகமுமாக இருந்தாள். தெற்கே ஸ்பீக்கர். ஸ்பீக்கர் நகராது. அதனால் பெட்டி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் போய் அமைந்தது. எதிரே உட்கார்ந்து, “நடுவுல குரல் நிக்குது பாரு, கண்ண மூடிட்டுப் பாரு” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சுட்டிக்காட்டினாரே, சரியாக அந்த இடம். இத்தனை வருஷம் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மேடையிலேயே ஏறிப் படுத்துவிட்டார்.

எதிரே அவருடைய தோல் நாற்காலி காலியாக இருந்தது. கூடத்தில் இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். ஊர்ப் பெரியவர் ஒருவர் மாலை போட்டுவிட்டு முழங்காலைப் பிடித்தபடி அதில் உட்காரப் போனார்.

“அங்க வேணாம் பெரியப்பா. வெளிய சேர் போட்டிருக்குது” என்றான் சரத்குமார்.

பெரியவர் பாதி உட்கார்ந்த இடுப்போடு எழுந்து போனார். சிவசங்கரி அதையும் எடுத்து வைத்தாள்.

விஷயம் இதுதான். அந்த ஸ்பீக்கர்களை ஓட்டியது, இடையஞ்சாவடியில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் கையாலேயே செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபையர். உள்ளே கண்ணாடி வால்வுகள்; சுவிட்சைப் போட்டால் விளக்கு மாடத்தில் அகல் ஏற்றின மாதிரி மஞ்சளாகப் பூக்கும். சத்தம் சுத்தம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மொத்த சக்தி எட்டு வாட்ஸ். ஸ்பீக்கர்களோ சென்னையில் ஏதோ பங்களாவிலிருந்து வாங்கி வந்த சீமைச் சரக்கு. நூறு வாட்ஸுக்குக் குறைவாகக் கொடுத்தால் வாய் திறக்காத பெரிய மனுஷத்தனம் அதற்கு. ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பூட்டி உப்பு லாரியை இழுக்கச் சொன்ன கதை.

வெள்ளைக்காரர் அப்போதே சொன்னார், தனக்குத் தெரிந்த தமிழில். “ஐயா, இது அது கல்யாணம் வேண்டாம். இதுக்குக் குழாய் நல்லது. குழாய்க்குக் கொஞ்சம் குடு, நிறைய கத்தும்.”

“குழாயா?” என்றார் தெய்வசிகாமணி. “அது சாவு வீட்டுக்குக் கட்டுறதுங்க.”

கட்டுவதைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் அப்பா குப்புசாமி மைக் செட் வைத்திருந்தவர். கடற்கரை ஓரம் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், எந்தக் கோயிலில் கூழ் ஊற்றினாலும், குப்புசாமியின் கூம்புக் குழாய்தான் தென்னை மரம் ஏறும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மரம் ஏறிய பையன்தான் பின்னாளில் வைஜெயந்தியைக் கட்டி, வைஜெயந்தியோடு வந்த உப்பளத்தையும் கட்டி, முதலாளி ஆனார். முதலாளி ஆனவர் வீட்டில் குழாயா?

ஆகவே எட்டு வாட்ஸ் அந்த இரண்டு மலைகளையும் தள்ளிக்கொண்டு கிடந்தது. முழுசாகத் திருப்பினால் கரகரவென்று உடையும். உடையாத அளவுக்கு வைத்தால், பக்கத்து வீட்டில் யாரோ போனில் பேசுகிற மாதிரி கேட்கும். ஊர்கூட்டிக் கேட்க வேண்டிய நாகஸ்வரத்தையே ரகசியம் பேச வைத்த மனிதர் அவர். சத்தம் போதவில்லை என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வீடுதான் சத்தம் போடுகிறது என்றார்.

வீடு சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. அவர் கேட்கிற நேரம் என்று காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று, சாயங்காலத்தில் ஒன்று. அந்த நேரத்தில் மின்விசிறி நிற்கும். மிக்ஸி ஓடாது. குக்கருக்கு விசில் கிடையாது. சோறு கஞ்சி வடித்த சோறுதான். உப்புக் காற்று வால்வுக்கு ஆகாது, வெளிச்சத்தம் காதுக்கு ஆகாது என்று கூடத்து ஜன்னலை இடுக்கு விடாமல் மக்குப் பசை வைத்து அடைத்துப் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் உப்பளம். பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார்கூட சாயங்காலம் ஆனால் நின்றுவிடும். இரும வேண்டியவர்கள் கொல்லைப்புறம் போய் இருமிவிட்டு வருவார்கள்.

சிவசங்கரி கல்யாணமாகி வந்த முதல் வாரம், மாமியார் வைஜெயந்தி அவளை உள்ளே கூப்பிட்டுக் கொலுசைக் கழற்றச் சொன்னாள். திட்டவில்லை. ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, அதில் ஏற்கெனவே கறுத்துக் கிடந்த தன் கொலுசுக்குப் பக்கத்தில் அதையும் வைத்து மூடினாள்.

இதெல்லாம் பெரியவர்கள் பழகிக்கொள்ளலாம். குழந்தை இலக்கியா பழகியே பிறந்தாள். மூன்று வயது முடிந்தும் அவள் பேசுவதெல்லாம் காற்றுதான். “அம்மா, பால்” என்றால் உதடு அசையும், மூச்சு வரும், குரல் வராது. பால்வாடி டீச்சர் ஊமை என்று நினைத்தே அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தாள். பாண்டிச்சேரியில் காட்டினார்கள். டாக்டரம்மா காதைப் பார்த்து, தொண்டையைப் பார்த்து, பிறகு இவர்களைப் பார்த்தாள்.

“பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. வீட்ல யாராவது சத்தமா பேசுவீங்களா?”

சிவசங்கரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

திரும்பி வரும்போது காரில் சரத்குமார்தான் வாய் திறந்தான். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, “அப்பா இருக்கிற வரைக்கும் பொறுத்துக்க சங்கரி. அதுக்கப்புறம் அந்த ஜன்னல நானே ஒடச்சித் தொறக்கறேன். அந்தப் பொட்டிங்கள மொதல்ல வெளிய அனுப்பறேன். பாப்பா மேல சத்தியம்” என்றான். பாப்பா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷர் சாவதற்காகக் காத்திருப்பது பாவம் என்று சிவசங்கரிக்குத் தெரியும். தெரிந்தே காத்திருந்தாள்.

அப்படிக் காத்திருந்தும், அவர் செத்தது அவளுக்குத் தெரியவில்லை. நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நாகஸ்வர இசைத்தட்டைப் போட்டார். வீடு அடங்கியது. வைஜெயந்தி முறத்தில் அரிசியைப் புடைக்காமல் விரலால் கல் பொறுக்கினாள். சிவசங்கரி குழந்தையைத் தட்டாமல் தடவித் தூங்க வைத்தாள். தட்டு முடிந்து, முள் கடைசிக் கோட்டிலேயே சுற்றிச் சுற்றி ‘டிக்… டிக்’ என்றது. அதுவும் பாட்டின் பகுதியாக இருக்கலாம் என்று இருவரும் பேசாமல் இருந்தார்கள். வெயில் சாய்ந்து காபி நேரம் தாண்டின பிறகுதான் டம்ளரோடு போன சிவசங்கரி, அவர் வாய் லேசாகத் திறந்திருப்பதைப் பார்த்தாள். கை சில்லிட்டுப் போயிருந்தது. செத்த மனுஷனுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று ஒரு வீடே மதியம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அப்போதுகூட அவள் கத்தவில்லை. சமையற்கட்டுக்கு நடந்து வந்து, மாமியார் காதருகே குனிந்து, “அத்தை, மாமா போயிட்டாரு” என்று காற்றில்தான் சொன்னாள்.

ஐஸ் பெட்டி வந்து அமைந்தபோது மணி ஒன்பது இருக்கும். வாசலில் திடீரென்று ஒரு சத்தம் வெடித்தது. “ஹலோ… மைக் டெஸ்டிங்… ஒன் டூ த்ரீ…” தென்னை மரத்தில் குழாய் ஏறியிருந்தது. உப்பளத்து ஆட்கள் தாங்களாகவே போய் மைக் செட் அப்பாதுரையைக் கூட்டி வந்துவிட்டார்கள். முதலாளி வீட்டுச் சாவு குழாய் இல்லாமலா என்பது அவர்கள் நியாயம். அடுத்த நிமிஷம் சாவுப் பாட்டு ஒன்று ஈ.சி.ஆர். ரோடு வரைக்கும் போய் முட்டித் திரும்பியது. பெட்டிக்குள் இருந்தவர் எழுந்து உட்காராதது ஆச்சரியம்.

இலக்கியா இடுப்பிலிருந்து நழுவி வாசலுக்கு ஓடினாள். சிவசங்கரி பின்னால் போவதற்குள், குழந்தை தென்னை மரத்தடியில் குழாய்க்கு நேர் கீழே நின்றுகொண்டு, தலையை அண்ணாந்து, வாயைப் பெரிதாகத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. எதையோ கத்துகிறாள். அல்லது கத்துகிற மாதிரி வாயைத் திறந்து பார்க்கிறாள். குழாய்ச் சத்தத்தில் எது என்று தெரியவில்லை. சிவசங்கரி குனிந்து தன் காதைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

பாட்டு பட்டென்று நின்றது. குழந்தை வாயை மூடிக்கொண்டாள்.

நிறுத்தச் சொன்னது சரத்குமார். வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றிருந்தது. அதிலிருந்து ‘நாதப் பிரவாக நுண்ரசிகர் பேரவை, புதுச்சேரி’ இறங்கியது. மொத்தம் மூன்று பேர், ஒரு மலர் வளையம். வளையத்தின் நடுவில் ‘செவிச் செம்மலுக்கு அஞ்சலி’ என்று எழுதியிருந்தது. பேரவையின் தலைவர் அரவிந்தன், ரிட்டையர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார், கதர் ஜிப்பாவும் சோகமுமாக முன்னால் வந்தார். குழாயைப் பார்த்து ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். செத்தவரைப் பார்த்ததைவிட அதில் வேதனை அதிகம்.

“தம்பி, ஐயா ஒண்ணு சொல்லியிருந்தாரு” என்றார் சரத்குமாரின் கையைப் பிடித்துக்கொண்டு. “தன்னோட கடைசிப் பயணத்துக்கு முன்னாடி, தன்னோட சிஸ்டத்துல, அந்த நாகஸ்வரத் தட்ட முழுசா வாசிக்கணும்னு. எங்க பேரவைல நாலு பேரு முன்னால சொன்னது.”

“அப்பா என்கிட்ட ஒண்ணும் சொல்லலயே சார்.”

“உங்ககிட்ட எதுக்குச் சொல்றாரு? உங்களுக்குத்தான் அந்தக் காது வந்திருக்குதே. அப்பாவோட காது. சொல்லாமயே கேக்கும்னு நெனச்சிருப்பாரு.”

சரத்குமார் தன்னையறியாமல் வலது காதைத் தொட்டுக்கொண்டான். இருபது வருஷமாக அந்தக் கூடத்தில் அவன் தட்டைத் துடைத்துக் கொடுத்தவன், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இவ்வளவு நாள் தலையின் இரண்டு பக்கமும் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தவற்றுக்கு இப்படியொரு வம்சப் பெருமை இருப்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. சரத்குமார் அப்பாவின் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டான். ஆம்ப்ளிஃபையருக்கு உயிர் வந்ததும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்டது.

“ஹம்” என்றார் அரவிந்தன் கையைத் தூக்கி. “இந்தப் பொட்டியோட மோட்டாருதான். லைன்ல ஏறுது.”

ஐஸ் பெட்டியை அணைத்தார்கள்.

“டேய் சரத்து, வெயில் காலம்டா! பொணம் தாங்காது” என்றாள் விருத்தாம்பாள்.

“ஒரு பக்கம்தான் அத்தை. ஓடி முடிஞ்சதும் போட்டுடறேன். நீங்களும் கொஞ்ச நேரம் அழாம இருங்க.”

விருத்தாம்பாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “இன்னாடா சொல்ற? சாவு வீட்ல அழக்கூடாதுன்னா, கல்யாண வீட்டுக்குப் போயா அழுவறது? என் தம்பிக்கு நான் அழுவறதுக்கு இவனுங்களக் கேக்கணுமா?”

“அத்தை, ப்ளீஸ்.”

“ஏய் வைஜெயந்தி, நீயாவது வாய விட்டு அழுடி. நானும் வந்ததுலேர்ந்து பாக்கறேன், கண்ணுலதான் தண்ணி வருது, தொண்டைலேர்ந்து ஒண்ணும் வரல. ஊரு இன்னா பேசும்?”

வைஜெயந்தி பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. சிவசங்கரி குனிந்து கேட்டு, எழுந்து சொன்னாள்: “பழக்கம் இல்லையாம் பெரியம்மா.”

முள் தட்டில் இறங்கியது. பேரவை கண்ணை மூடியது. ஒப்பாரி வைத்த பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டபடியே, வாயை மட்டும் மூடிக்கொண்டு, படம் பிடிக்க நிறுத்தியவர்கள் மாதிரி இருந்தார்கள். எங்கிருந்தோ, ரொம்பத் தூரத்தில், ஒரு நாகஸ்வரம் தன் இருப்பைப் பணிவாகத் தெரிவித்துக்கொண்டது. வேட்டியை இறக்கிவிட்டு வாசலில் நின்ற உப்பளத்து ஆட்கள் பேசிக்கொண்டது அதைவிடத் தெளிவாகக் கேட்டது.

“ஏம்பா, போட்டாச்சா?”

“போட்டாச்சாம்.”

“ஒண்ணும் கேக்கலயே.”

“அதாம்பா பாட்டு. சும்மா இரு.”

ரோட்டில் ஒரு லாரி போயிற்று. லாரி போய்ச் சேர்கிறவரை நாகஸ்வரம் காத்திருந்த மாதிரி இருந்தது. அரவிந்தன் நெற்றியைச் சுருக்கி, “அந்த மந்தர ஸ்தாயில ஒரு ஈரம் பாருங்க, தம்பி” என்று கிசுகிசுத்தார். ஈரம் வேறு இடத்தில் இருந்தது. பெட்டிக் கண்ணாடியில் உள்பக்கம் வேர்த்து, தெய்வசிகாமணியின் முகம் கலங்கி மறைந்துகொண்டிருந்தது.

சிவசங்கரிக்குப் பொறுக்கவில்லை. கணவன் பக்கத்தில் போய் நின்றாள். கோபமில்லை அவளுக்கு, நிஜமாகவே ஒரு வழி சொல்லத்தான் போனாள்.

“ஏங்க, அப்பாதுரை அண்ணன் குழாய இதுல மாட்டிடலாமே. அந்த வெள்ளைக்காரரே சொன்னாராமே, இதுக்குக் குழாய்தான் ஜோடின்னு. எல்லாருக்கும் கேக்கும். யாரும் வாய மூட வேணாம். பொட்டியையும் போட்டுக்கலாம்.”

சரத்குமார் அவள் பக்கம் தலையை மெதுவாகத் திருப்பினான். தாடையைச் சற்றுத் தூக்கி, ஒரு கண்ணை மட்டும் சுருக்கி. அந்தச் சுருக்கலை அவளுக்குத் தெரியும். அது அவனுடையது இல்லை.

“குழாயா?” என்றான். “நம்ம வீடு இன்னா சாவு வீடா?”

சொன்ன பிறகும் அவனுக்கு உறைக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் மாலை, ஊதுவத்தி, கலங்கின கண்ணாடி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. விருத்தாம்பாள் மட்டும் தலையிலடித்துக்கொண்டாள். அதையும் சத்தம் வராமல் அடித்துக்கொண்டாள். இந்த வீட்டுக்குள் வந்தால் யாருக்கும் அது தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது.

மதியத்துக்குமேல் எடுத்தார்கள். ஸ்பீக்கர் நகராததால் அவரையும் சாய்த்துத்தான் வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. புறப்படும்போது அரவிந்தன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “தம்பி, தப்பா நெனைக்கக்கூடாது. சிஸ்டத்த என்னா பண்றதா உத்தேசம்? பேரவைக்குக் குடுத்தா, ஐயா பேர்ல ஒரு அறையே வச்சிடுவோம். வண்டி அனுப்பறேன்.”

சிவசங்கரி கையிலிருந்த சொம்பை இறுகப் பிடித்தாள். ‘எடுத்துட்டுப் போங்க’ என்ற இரண்டு வார்த்தை. அவன் வாயிலிருந்து அது வந்துவிட்டால் போதும். காரில், பாப்பா மேல், சத்தியம்.

“காரியம் முடியட்டும் சார்” என்றான் சரத்குமார். பிறகு, கொள்ளிச் சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டே, “கேக்கறதுக்குக் காது இருக்கிற வீட்ல இருக்கட்டுமே, பாப்போம்” என்றான்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு வீட்டைக் கழுவிவிட வேண்டும். சிவசங்கரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடம் குடமாக ஊற்றினாள். வெள்ளைப் பெயிண்டுக் குறியைத் தாண்டாமல் மாமியார் துடைப்பத்தால் தண்ணீரைத் திருப்பித் திருப்பித் தள்ளினாள். கூடம் கழுவி முடிந்தும் புழுக்கம் போகவில்லை. ஊதுவத்தியும் மாலையும் இன்னொன்றும் கலந்த வாடை சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது.

சிவசங்கரி ஜன்னலைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள்.

வைஜெயந்தி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். கொல்லைப்புறம் போனாள். வரும்போது கையில் கடப்பாரை இருந்தது.

மக்கு ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. சட்டத்தின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து சிவசங்கரி நெம்பினாள். வைஜெயந்தி தன் மெலிந்த உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள். படீரென்று கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது.

முதலில் வெளிச்சம். பாத்திகளில் கட்டிய தண்ணீர் வெயிலை அப்படியே கூடத்துக்குள் கொட்டியது. பிறகு காற்று, நாக்கில் கரித்தது. அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக ஊர் உள்ளே வந்தது. எங்கோ ஒரு மோட்டார், பஸ்ஸின் ஹார்ன், வரப்பில் நின்று எவனோ எவனையோ பெயர் சொல்லி வைகிறது. மாலையிலிருந்து உதிர்ந்திருந்த இதழ்கள் ஈரத் தரையோடு ஒட்டிக்கொண்டு படபடத்தன.

இலக்கியா ஜன்னலில் ஏறி இரண்டு கம்பிகளுக்கு நடுவே முகத்தைப் பதித்தாள். வரப்பில் ஆடுகள் போய்க்கொண்டிருந்தன.

“ஆடு!” என்றாள்.

குரல்தான். கொஞ்சம் கரகரப்பாக, உபயோகப்படுத்தாத குழாயிலிருந்து முதல் தண்ணீர் வருகிற மாதிரி. சொன்னவளே திடுக்கிட்டுத் திரும்பி, யாராவது கோபித்துக்கொள்கிறார்களா என்று பார்த்தாள்.

வைஜெயந்தி கடப்பாரையைப் பிடித்தபடி நின்றாள். “இன்னொரு தடவ சொல்லும்மா” என்றாள். அவளுடைய குரலும் வெளியே வந்திருந்தது. சிவசங்கரி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலைக் கேட்டதில்லை. எதிர்பார்த்ததைவிட இளசாக இருந்தது.

“ஆடு! ஆடு! ஆடு போவுது!”

ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பும்போது வெயில் தணிந்திருந்தது. மொட்டைத் தலையும் ஈரவேட்டியுமாக சரத்குமார் விளக்கைக் கும்பிட்டான். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பினார்கள். விருத்தாம்பாளும் கடைசி பஸ்ஸுக்கு முன்பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். அவன் கூடத்துக்கு வந்தான்.

“ஜன்னல யாரு தொறந்தது?”

“நான்தான்” என்றாள் சிவசங்கரி. பின்னாலிருந்து இன்னொரு குரல் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. “பாப்பா பேசுறா. நல்லா சத்தமா. ஆடுன்னு சொன்னா. வேணா கேளுங்க.”

“அப்படியா?” அவன் முகம் ஒரு கணம் பழைய முகமாக மலர்ந்தது, காரில் பார்த்த முகம். குழந்தையின் கன்னத்தைத் தட்டினான். “சொன்னேன்ல சங்கரி, செய்யறேன். சத்தியம் பண்ணியிருக்கேன், மறந்துடுவனா? காரியம் முடியட்டும். அதுவரைக்கும் வால்வு பாவம் இல்ல? உப்புக் காத்து மொத்தமும் உள்ள வருது பாரு.”

பிய்ந்த கதவைத் தூக்கி, பொறுமையாகச் சட்டத்தில் பொருத்தினான். நிற்காததால், பேரவையின் மலர் வளையத்தை எடுத்து முட்டுக் கொடுத்தான். ‘செவிச் செம்மல்’ கூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஊர் மறுபடியும் வெளியே போய்விட்டது.

அவனுக்கு நிற்க முடியவில்லை. விடிந்ததிலிருந்து நின்றிருக்கிறான், அவ்வளவு தூரம் வெறுங்காலில் நடந்திருக்கிறான். உட்காரலாம் என்று பார்த்தால் தரை எங்கும் ஈரம். சிவசங்கரி ஒரு மூலை விடாமல் கழுவியிருந்தாள். காய்ந்த இடம் கூடத்தில் ஒன்றுதான் இருந்தது.

“கால் கடுக்குது. சும்மா ஒரு நிமிஷம்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். தோல், பழக்கமான உடம்பை வாங்கிக்கொள்கிற மாதிரி ‘புஸ்’ஸென்று அமுங்கியது. கை தானாக நீண்டு சுவிட்சைப் போட்டது. வால்வுகள் மஞ்சளாகப் பூத்தன. காலையில் போட்ட இசைத்தட்டு அப்படியே இருந்தது. முள்ளை இறக்கினான்.

நாகஸ்வரம் எங்கோ தூரத்தில் ஆரம்பித்தது. அவன் முன்னால் குனிந்தான். இன்னும் கொஞ்சம் குனிந்தான். அப்பாவின் முதுகு அவ்வளவு நாளும் வளைந்திருந்தது வயசினால் இல்லை என்று சிவசங்கரிக்கு அப்போது தெரிந்தது.

சமையற்கட்டில் சோறு கொதித்துப் பானைமூடி தடதடத்தது. வைஜெயந்தி மூடியை எடுத்துத் துணிமேல் வைத்தாள். அதில் சத்தம் வரவில்லை.

சரத்குமார் கண்ணை மட்டும் ஒருமுறை தூக்கி மேலே பார்த்தான். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டான்.

சமையற்கட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்த சிவசங்கரியின் மடியிலிருந்து இலக்கியா இறங்கினாள். பிடிக்கப் போன கைக்கு அகப்படவில்லை. முக்காலியை இழுத்தால் கிறீச்சிடும் என்பதால், அதைவிடப் பெரிதில்லாத உடம்போடு கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு, ஈரத்தில் பாதம் ஒட்டாமல் நுனிக்காலில் நடந்து சுவரோரம் வைத்தாள். ஏறினாள். விசிறி சுவிட்சைத் தட்டாமல், விரலால் மெல்ல மெல்ல அழுத்தி, ‘டக்’ வராமல் அணைத்தாள்.

விசிறியின் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின.